பேக்பிளேட் விங் வாங்கப் போறீங்களா, முதல்ல கத்தரிக்கோல ஒளிச்சு வைக்கச் சொல்லுங்க

ஸ்கூபா டைவிங் சாமான் வாங்கி ஏமாந்த கதை இது, கடை பேரு இப்ப போடல. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணி கம்ப்ளைண்ட் பதிஞ்சிருக்கேன், அது ஒரு வழியா முடியட்டும். ஆனா அதுக்குள்ள இன்னும் ரெண்டு பேர் போய் மாட்டிக்கக் கூடாதேன்னுதான் எழுதறேன்.

மூணு வருஷமா வாடகை ஜாக்கெட் பிசிடிலதான் (காத்து அடிச்சு மிதப்பக் கூட்டிக் குறைக்கற சட்டை) டைவ் பண்ணிட்டிருந்தேன். அளவு ஒருநாளும் சரியா அமையாது, மேல வந்து காத்து அடிச்சா நெஞ்சப் போட்டு அமுக்கும், உள்ள நேரா படுத்து நீந்தலாம்னா கால் கீழ தொங்கும். பேக்பிளேட்னா ஒரு தகடு, அதுல ரெண்டு இஞ்ச் நைலான் பட்டை ஒரே நீளமா கோத்து வரும், விங்னு சொல்ற காத்துப் பை முதுகுக்குப் பின்னாடி மட்டும், கெட்டுப்போக ஒண்ணுமே கிடையாது, ஆயுசுக்கும் வரும்னு எல்லாரும் சொன்னாங்க. அது உண்மைதான், தகட்ட நான் இப்பவும் குறை சொல்லல.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சென்னைல அந்தக் கடைக்குப் போனேன். காபி எல்லாம் வரவழைச்சுக் குடுத்தார், சார் சார்னு ஒரே மரியாதை. ஆனா நான் எந்தக் கடல்ல டைவ் பண்றேன், என்ன சூட் போடறேன், என்ன சிலிண்டர்னு ஒரு கேள்வி கூட கேக்கல பாருங்க, அங்கயே நான் முழிச்சிருக்கணும். நேரா உள்ள போய் ஸ்டீல் பிளேட், 50 பவுண்டு தூக்கற விங், அது கூட ஒத்த சிலிண்டர் மாட்டற சிங்கிள் டேங்க் அடாப்டர்னு தூக்கிட்டு வந்துட்டார். "பெருசா வாங்கினா சேஃப்டி சார், நாளைக்கே நீங்க டெக்னிக்கல் டைவிங் போனாலும் இதே ஆகும்." நானும் மண்டைய ஆட்டினேன். "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும் சார், எஸ்டிமேட் போட்டுடவா?" அதுக்கும் ஆட்டினேன். நல்லவேளை காசு ஜிபேல போட்டேன், இன்னிக்கு ஆதாரம்னு சொல்லிக்க அது ஒண்ணுதான் இருக்கு.

அப்புறம், வாங்க சார் ஃபிட் பண்ணித் தரேன்னு ஏசி ரூம்ல டீஷர்ட் மேலயே மாட்டி விட்டு, பட்டைய இறுக்கி, மிச்சம் தொங்கினத ரெண்டு ஜாண் நீளத்துக்குக் கத்தரிக்கோலால சரக்குனு வெட்டி, லைட்டர் வச்சு நுனியச் சுட்டு விரலால நசுக்கி விட்டார். நைலான் கருகின வாசனை இன்னும் மூக்குல இருக்கு. எவ்ளோ அக்கறைன்னு நெனச்சேன்.

ராத்திரி வீட்ல விங்க ஊதி வச்சு காலைல வரைக்கும் காத்து நிக்குதான்னு பாக்கலாம்னு ஊதற குழாய், அதான் இன்ஃப்ளேட்டர்ல வாய வச்சேன். உப்பு கரிச்சுது. புது விங்ல எப்படிங்க உப்பு? தலைகீழா பிடிச்சு, காத்த வெளிய விடற டம்ப் வால்வ் கயித்த இழுத்தா ஒரு ஸ்பூன் தண்ணி, அது கூட நாலஞ்சு மணல்!

ஞாயித்துக்கிழமை கடை திறந்ததும் போய் நின்னேன். "பட்டை வெட்டியாச்சே சார், யூஸ்டு ஐட்டம் ரிட்டர்ன் கிடையாது." யோவ் நீதானய்யா வெட்டினன்னு வாய் வரைக்கும் வந்துச்சு, நீங்கதான வெட்டினீங்கன்னு மட்டும் கேட்டேன். "உங்க அளவுக்குத்தான சார் வெட்டினேன்." உப்பு? "ஃபேக்டரில டெஸ்ட் பண்ணி அனுப்புவாங்க சார்." எந்த ஃபேக்டரில கடல் மண்ண போட்டு டெஸ்ட் பண்றாங்களோ தெரியல.

பாண்டிச்சேரி டைவ் ஏற்கனவே புக் பண்ணிட்டதால வேற வழியில்லாம அதையே எடுத்துட்டுப் போனேன். 3 மில்லி கனத்து ரப்பர் சூட் மேல மாட்டினா பட்டை பக்கிள் வரைக்கும் வந்து ரெண்டு விரல் நீளம்தான் மிச்சம், படகுல ரெண்டு பேர் சேர்ந்து இழுத்து மாட்டினாங்க. வழக்கமா போடற 4 கிலோ வெயிட்டயும் அப்படியே போட்டுக்கிட்டேன், வேணாம்னு சொல்ல ஆளில்ல. உள்ள போனா கல்லு மாதிரி இறங்குது, அத நிறுத்த காத்து அடிச்சா விங் ரெண்டு பக்கமும் மடங்கி சிலிண்டர சப்பாத்தி ரோல் மாதிரி சுத்திக்குது. கடைசில மேல வர்றதுக்கு முன்னாடி 5 மீட்டர்ல கொஞ்ச நேரம் சேஃப்டி ஸ்டாப் நிக்கும்போது வலது மடிப்புல காத்து மாட்டிக்கிச்சு, டம்ப் வால்வ் இருக்கறது இடது பக்கம் கீழ, இழுத்தா ஒரு குமிழி வரல, உருண்டுக்கிட்டே நேரா மேல போய் மிதந்தேன். படகு தள்ளி நின்னதால தலை தப்பிச்சுது.

இன்ஸ்ட்ரக்டர் செட்ட பாத்துட்டு சிரிச்சார். "ப்ரோ, இது டபுள்ஸ் விங். ரெண்டு சிலிண்டர் கட்டிக்கிட்டு போறவனுக்கு." இந்த செட்டப்பே ஃப்ளோரிடா குகைல டைவ் பண்றவங்க வளர்த்தெடுத்தது, வில்லியம் ஹோகார்த் மெயின்னு ஒருத்தர் பேர்லதான் ஹோகார்த்தியன்னே சொல்றாங்க, அவங்களுக்கு டபுள் சிலிண்டர், நமக்கு எதுக்குன்னு கேட்டார். அப்புறம் படகுலயே கணக்கு போட்டுக் காட்டினார். நம்ம ஊர்ல எல்லா இடத்துலயும் குடுக்கற 11 லிட்டர் அலுமினிய சிலிண்டர் ஃபுல்லா இருந்தா உள்ள இருக்கற காத்தோட எடை சுமார் இரண்டரை கிலோ, ஆழத்துல சூட் நசுங்கறதுக்கு இன்னும் ஒண்ணு ரெண்டு கிலோ, விங் தூக்க வேண்டியது அவ்ளோதான், 30 பவுண்டு அதாவது 13 கிலோ சொச்சம் தூக்கற ஒல்லி விங்கே தாராளம். அதோட ஸ்டீல் பிளேட்டே இரண்டரை கிலோவுக்கு மேல, அடாப்டர் கிட்டத்தட்ட ஒரு கிலோ, ஜாக்கெட்ல மிதக்கற ஸ்பாஞ்சும் இதுல இல்ல, அப்ப பழைய 4 கிலோ வெயிட்டு எதுக்கு ப்ரோன்னார். அடுத்த டைவ்ல வெயிட்டே இல்லாம, அவரோட 30 பவுண்டு விங்க மாட்டிப் பாத்தேன், ஆடாம அசையாம நின்னேன். அந்தமான்ல ராஷ் கார்டுங்கற மெல்லிசு நீச்சல் சட்டையோட மட்டும் போறதுன்னா ஸ்டீலே வேணாம், ஒரு கிலோகிட்ட வர்ற அலுமினிய பிளேட் போதும், ஃப்ளைட்ல 15 கிலோ லக்கேஜ்ல அதுவும் மிச்சம்.

வாங்கறவங்க சூட்ட கையோட எடுத்துட்டுப் போங்க, அது மேல மாட்டிப் பாருங்க, ரெண்டு மூணு டைவ் முடியற வரைக்கும் பட்டைய யாரையும் வெட்ட விடாதீங்க, மிச்சம் தொங்கினா ரப்பர் பேண்ட் போட்டு மடிச்சு வச்சுக்கலாம். விங்க கடைலயே தலைகீழா பிடிச்சு வால்வ இழுங்க. வெக்கப்படாம வாய வச்சு ஒரு தடவ ஊதுங்க.

எனக்கு புதுப் பட்டை நாலு மீட்டர் தனியா வாங்க வேண்டியதாச்சு. போன வாரம் கடைக்காரரே போன் பண்ணினார், கம்ப்ளைண்ட வாபஸ் வாங்கிட்டா விங்க மட்டும் திருப்பி எடுத்துக்கறாராம், பாதி விலைக்கு. ஏன் பாதின்னா "யூஸ்டுதான சார்"ங்கறார். குடுத்தா மறுநாளே கவர் மாட்டி ஷோகேஸ்ல புதுசுன்னு தொங்கும். பரண்ல போட்டு வச்சிருக்கேன், உள்ள இருந்த மணல ஒரு ஜிப்லாக் கவர்ல எடுத்து அது கூடவே.