லாம்ப்ரேயா, ஹாக்ஃபிஷ்ஷா?

இந்த இரண்டு மீன்களுக்கும் தாடை, செதில், இணைத்துடுப்பு (உடலின் இருபக்கமும் சோடியாக இருக்கும் துடுப்பு) எதுவும் இல்லை. பார்வைக்கு விலாங்கு போலத்தான் இருக்கும். முதலில் வாயைப் பாருங்கள். லாம்ப்ரேயின் வாய் வட்டமான உறிஞ்சு தட்டு, உள்ளே கெரட்டின் (நகத்தில் உள்ள புரதம்) பற்கள். ஹாக்ஃபிஷ்ஷின் வாயைச் சுற்றி மீசைகள், பற்கள் நாக்கில். லாம்ப்ரேக்கு உச்சந்தலையில் ஒற்றை நாசித் துளை, பக்கத்துக்கு 7 செவுள் துளைகள். ஹாக்ஃபிஷ்ஷுக்கு நாசி மூக்கு நுனியில்; செவுள் துளைகளின் எண்ணிக்கை இனத்துக்கு இனம் மாறுவதால் அதை மட்டும் நம்பினால் தப்பாகும்.

ஹாக்ஃபிஷ் கடலை விட்டு வராது. அதன் ரத்தத்தின் உப்புச்செறிவு கடல்நீருக்குச் சமம். நன்னீரில் விட்டால் செத்துவிடும். பிடித்தால் உடலிலிருந்து கோழையைச் சுரக்கும். அது கடல்நீரோடு கலந்து உப்பி, கடிக்க வந்த மீனின் செவுளையே அடைத்துவிடும். தன் கோழையில் தானே மூச்சுமுட்டாமலிருக்க உடலை முடிச்சுப் போட்டு வழித்தெடுக்கும்!

லாம்ப்ரே முட்டையிடுவது நன்னீரில். முட்டையிலிருந்து வரும், கண் தெளியாத இளவுயிரி (லார்வா) ஆற்று மண்ணில் பல ஆண்டுகள் புதைந்து, நீரை வடிகட்டித் தின்னும். ஹாக்ஃபிஷ்ஷுக்கு இளவுயிரிப் பருவமே கிடையாது.

முதுகெலும்பு இல்லையென்று ஹாக்ஃபிஷ்ஷை முன்பு தனியே ஒதுக்கினார்கள். மரபணு ஆய்வுகள் இரண்டையும் வட்டவாயிகள் என்ற ஒரே கிளையில் சேர்க்கின்றன. ஹாக்ஃபிஷ்ஷைத் தனிக் கிளையாகக் காட்டும் பழைய பாடநூல் வரைபடத்தை நம்ப வேண்டாம்.