கடற்கரையில் தேட மெட்டல் டிடெக்டர் வாங்குகிறீர்களா? ஈர மணலில் ஓட்டிக் காட்டாமல் பணம் கொடுக்காதீர்கள்

"முழு வாட்டர்ப்ரூஃப், ஆறடி ஆழம் வரை பார்க்கும், தங்கத்தை மட்டும் தனியாகக் காட்டும்." இந்த மூன்றையும் சொல்லித்தான் 38,000 ரூபாய்க்கு ஒரு மெட்டல் டிடெக்டரை எங்கள் தலையில் கட்டினார்கள். மூன்றில் ஒன்றுகூட உண்மையில்லை. பணத்தைத் திருப்பித் தரவும் மாட்டேன் என்கிறார்கள். கடலோரத்தில் லாட்ஜ், கடை வைத்திருப்பவர்களுக்கு இதே ஆட்கள் இன்னும் போன் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததால் எழுதுகிறேன்.

எங்களுக்குத் திருச்செந்தூரில் சின்ன லாட்ஜ். கடலில் குளிக்கப்போன இடத்தில் தாலிச் சங்கிலி போய்விட்டது, மோதிரம் போய்விட்டது என்று ஈரத்துணியோடு அழுதுகொண்டு வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறோம். கந்த சஷ்டி, வைகாசி விசாகம் போன்ற கூட்ட நாட்களில் இன்னும் அதிகம். கரையில் சிப்பி அரிக்கிற தொழிலாளர்கள்தான் இறங்கித் தேடி எடுத்துக் கொடுப்பார்கள். எத்தனையோ பேர் தாலியோடு ஊர் திரும்பியது அவர்கள் புண்ணியத்தில். ஆனால் மணல் மேலே ஏறி மூடிவிட்டால் அவர்களாலும் முடிவதில்லை. அவர்களுக்குத் துணையாக ஒரு கருவி இருக்கட்டும் என்று விசாரித்தோம்.

விற்பனையாளர் லாட்ஜுக்கே வந்து செய்துகாட்டினார். காட்டிய விதத்தைக் கவனியுங்கள், ஏனென்றால் உங்களிடமும் இதைத்தான் செய்வார். என் மனைவியின் வளையலைக் கேட்டு வாங்கி, கருவியின் அடியில் தட்டு போல இருக்கிற, உலோகத்தைத் தேடும் கம்பிச் சுருளுக்கு முன்னால் காற்றில் ஆட்டினார். ஒன்றரை அடி தூரத்திலேயே கணீரென்று ஒலித்தது. பிறகு ஒரு டப்பில் குழாய்த் தண்ணீர் நிரப்பி, சுருளை முக்கி எடுத்து, "பாருங்க சார், வாட்டர்ப்ரூஃப்" என்றார். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, அங்கே போய் ஒரு தடவை பார்க்கலாமே என்றேன். "டிரெயினுக்கு நேரமாச்சு சார், எங்க வெச்சாலும் இப்படித்தான் வேலை செய்யும்" என்றார்.

காய்ந்த மணலில் ஓரளவு வேலை செய்தது. அலை நனைத்துப் போகிற இடத்துக்கு வந்ததும் ஓயாமல் கத்த ஆரம்பித்தது. சுருளைத் தூக்கினால் நிற்கிறது, இறக்கினால் கத்துகிறது. கூட வந்த சிப்பி அரிக்கிற பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இது கடலப் பாத்தே கத்துதுல்லா" என்றார். அவர் சொன்னதுதான் சரி. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். சுருள் அனுப்புகிற காந்த அலைக்கு ஈர மணலே ஒரு பெரிய உலோகத் தகடு போலப் பதில் சொல்லும். எங்களுக்கு விற்றது ஒரே ஒரு அலைவரிசையில் (ஃப்ரீக்வென்சியில்) ஓடுகிற கருவி. அதில் கத்தலை நிறுத்த வேண்டுமானால் உணர்திறனைக் குறைக்க வேண்டும். குறைத்தால், பக்கத்தில் வைத்த மோதிரத்தைக்கூடக் கண்டுகொள்வதில்லை. உப்பின் பதிலும் மெல்லிய தங்கத்தின் பதிலும் ஏறத்தாழ ஒரே இடத்தில் விழுவதால், ஒன்றை அடக்கினால் மற்றதும் அடங்கிவிடுகிறது.

நம் கரைகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கிருந்து உவரி வழியாக மணவாளக்குறிச்சி வரைக்கும் பல இடங்களில் கறுப்பு மணல் படிந்து கிடக்கிறது. இல்மனைட், கார்னெட் எல்லாம் கலந்த மணல். மண்ணுக்கு ஏற்றபடி சரிசெய்துகொள்ளும் வசதி இல்லாத கருவி அதில் இன்னும் திணறும். வாங்கின கருவியில் அந்த வசதிக்கென்று ஒரு பொத்தானே இல்லை. அட்டைப்பெட்டியில் மட்டும் அச்சடித்திருந்தார்கள்.

வளையலை ஏன் கேட்டார் என்பதும் பிறகுதான் புரிந்தது. மூடிய வளையத்தில், கருவியின் காந்த அலை தூண்டிவிடுகிற சுழல்மின்னோட்டம் நன்றாக ஓடும், அதனால் மோதிரமும் வளையலும் பலமாகப் பதில் கொடுக்கும். சங்கிலி அப்படியில்லை. கண்ணி கண்ணியாக இருப்பதால், கருவி அதை ஒரு பொருளாகப் பார்க்காமல் துணுக்குத் துணுக்காகத்தான் பார்க்கும். நல்ல கருவிக்கே மெல்லிய சங்கிலி கஷ்டம். பெரும்பாலும் கொக்கியோ தாலிப் பொட்டோதான் சிக்கும். நம் ஊரில் கடலில் தொலைவதில் பெரும்பகுதி சங்கிலிதானே? அதைத் தேடத்தான் வாங்குகிறோம் என்று சொல்லியும், சங்கிலியை வைத்து ஒரு முறைகூட அவர் காட்டவில்லை. "தங்கம் மட்டும் காட்டும்" என்பதும் பச்சைப் பொய். சின்னத் தங்க நகையும் பான் மசாலா பாக்கெட்டின் அலுமினியத் தாளும் கருவியின் திரையில் அருகருகே எண் காட்டும். தோண்டித்தான் பார்க்க வேண்டும்.

ஆறடி ஆழக் கதையையும் சொல்லிவிடுகிறேன். இந்த வகைக் கருவிகளில் மோதிரம், நாணயம் அளவுப் பொருளுக்குச் சுருளின் விட்டம் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவுதான் ஆழம். சுருள் பத்து அங்குலம் என்றால் ஒரு அடிக்கு உள்ளேதான்.

கடைசியில் ஒரு அலை மேலே தெறித்ததில் கருவி அடங்கிவிட்டது. சுருள் மட்டும்தான் நனையலாம், பேட்டரியும் சர்க்யூட்டும் இருக்கிற பெட்டிக்குள் தண்ணீர் போகக்கூடாது என்று உள்ளே கிடந்த தாளில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. டப்பில் சுருளை மட்டும் முக்கிக் காட்டியது இதற்காகத்தான். போன் செய்தால், "தண்ணி பட்டதுக்கு வாரண்டி கிடையாது." வாட்டர்ப்ரூஃப் என்று விற்ற பொருளுக்கு இந்தப் பதில்! அதற்குப் பிறகு எங்கள் எண்ணை எடுப்பதே இல்லை.

கடலுக்கென்று வாங்குகிறவர்கள் இரண்டு வகையில் ஒன்றைப் பாருங்கள். ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளில் ஓடுகிறவை ஒரு வகை. 2018இல் வந்த மைன்லேப் ஈக்வினாக்ஸ், பிறகு வந்த நோக்டா லெஜண்ட் இந்த வகை. உப்பின் பதில் அலைவரிசைக்கு அலைவரிசை மாறுவதால், ஒப்பிட்டு அதைக் கழித்துவிடும். கடற்கரைக்கு என் தேர்வு இதுதான். இன்னொன்று பல்ஸ் இண்டக்‌ஷன். அலையைத் தொடர்ந்து அனுப்பாமல், விட்டு விட்டுத் துடிப்பாக அனுப்பிப் பதிலைக் கேட்கிற வகை. உப்பும் கறுப்பு மணலும் இதைப் பெரிதாகத் தொந்தரவு செய்யாது, ஆழமும் போகும். ஆனால் இரும்பைப் பிரித்துச் சொல்வதில் பலவீனம், ஆணி எல்லாவற்றையும் தோண்ட வேண்டிவரும். மைன்லேப் பெயரில் போலிகளும் சந்தையில் உண்டு. சீரியல் எண்ணை வாங்கி, நிறுவனத்திடமே கேட்டு உறுதிசெய்யாமல் முன்பணம்கூடத் தராதீர்கள். "வாட்டர்ப்ரூஃப்" என்ற சொல் போதாது. பெட்டியோடு சேர்த்து எத்தனை மீட்டர் ஆழம் வரை என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் அனுப்பிவிடுங்கள்.

"புதையல் கிடைச்சா உங்களுக்குத்தான் சார்" என்றும் அந்த ஆள் சொன்னார். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்தது பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். கொற்கையும் ஆதிச்சநல்லூரும் இருக்கிற மாவட்டத்தில் வந்து இப்படிச் சொல்லி விற்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய கோபம்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். அதற்குப் பிறகுதான் அவர்களே கூப்பிட்டு, பாதிப் பணம் தருகிறோம், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்றார்கள். மறுத்துவிட்டேன். இப்போது தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், அவர்கள் ஊருக்கு அலைய வேண்டாம். ஐந்து லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

இதே மாதிரி டப்பில் முக்கிக் காட்டி உங்களிடமும் யாராவது விற்றிருந்தால், பில், பணம் அனுப்பிய ரசீது, அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் விளம்பரம் மூன்றையும் அழிக்காமல் வைத்திருங்கள், எனக்கும் தகவல் அனுப்புங்கள். "முழு வாட்டர்ப்ரூஃப்" என்று எழுதிய அந்த விளம்பரத்தை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். மனுவோடு முதல் ஆவணமாக அதைத்தான் இணைக்கிறோம்.