கணக்கு மென்பொருளை ஆன்டிவைரஸ் தடுத்தால்: விலக்கு கொடுப்பதா, புகார் அனுப்புவதா?

20-ம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி (ஜிஎஸ்டி ரிட்டர்ன்) போட உட்கார்ந்தால் மென்பொருள் திறக்காது. பார்த்தால் அதை இயக்கும் இஎக்ஸ்இ கோப்பு, ஆன்டிவைரஸ் சந்தேகப்பட்டுத் தனியே பூட்டி வைக்கும் குவாரன்டீனில் கிடக்கும்.

நேரம்: விலக்கு, அதாவது 'இந்தக் கோப்பை ஸ்கேன் செய்யாதே' என்று ஆன்டிவைரஸிடம் சொல்வது, இரண்டு நிமிட வேலை. விண்டோஸ் செக்யூரிட்டியில் கோப்பைக் குவாரன்டீனிலிருந்து மீட்டு, 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' போய்ச் சேர்த்தால் போதும். புகார் என்றால், 'இது வைரஸ் இல்லை' என்று ஆன்டிவைரஸ் நிறுவனத்துக்குக் கோப்பை அனுப்பிவிட்டு பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

ஆபத்து: பலர் சறுக்குவது இங்கேதான். சி டிரைவையே மொத்தமாக விலக்கி வைத்திருந்த ஒரு கடையைப் பார்த்திருக்கிறேன்! விலக்கிய ஃபோல்டரில் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) வந்து உட்கார்ந்தாலும் ஸ்கேன் எட்டிப் பார்க்காது. அந்த ஒரு இஎக்ஸ்இ-யை மட்டும் விலக்குங்கள். அதற்கும் முன்னால் கோப்பின் ப்ராப்பர்ட்டீஸில் 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' பாருங்கள். தயாரித்த நிறுவனத்தின் பெயர் அங்கே இல்லையென்றால் கை வைக்காதீர்கள். புகார் வழியில் இந்தத் தலைவலி இல்லை.

நிலைப்பு: விலக்கு அந்தக் கணினியோடு சரி. புகார் ஏற்கப்பட்டால் அடுத்த அப்டேட்டில் எல்லாக் கணினிக்கும் சரியாகிவிடும். மென்பொருளின் புதுப் பதிப்பு வந்தால் மறுபடி மாட்டலாம், அது வேறு கதை.

ஒரே கணினி, இன்றே ரிட்டர்ன் என்றால் விலக்கு. பத்துக் கணினி உள்ள ஆடிட்டர் அலுவலகம் என்றால் புகாரையும் சேர்த்து அனுப்புங்கள். கிராக் காப்பியா (பூட்டை உடைத்த திருட்டுப் பதிப்பா)? அதற்கு இரண்டுமே வேண்டாம்.