28 சதவீதம் என்று போட்ட டப்பா: ஐந்து வருடப் புழக்கம்

ஊருக்குத் திரும்பி ஒரு வருடம் ஆகிறது. திருநெல்வேலி வண்ணார்பேட்டை டீக்கடையில் பழைய சேக்காளி எவனைப் பார்த்தாலும் முதல் கேள்வி இதுதான்: "ஏல, கனடாவுல கடையிலயே கஞ்சா விக்கானாம்லா? எப்பிடிலே இருக்கும்?" ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. எழுதியே விடுகிறேன்.

அங்கே 2018 அக்டோபர் 17 முதல் அது சட்டப்படியான சரக்கு. நான் இருந்த டொராண்டோவில் 19 வயது முடிந்தவர் வெளியே 30 கிராம் வரை கையில் வைத்திருக்கலாம். இங்கே 1985-ஆம் வருடப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அமலில் இருக்கிறது, ஒரு பொட்டலத்துக்கும் வழக்குதான். அதனால் இது முழுக்க அங்கே நடந்த கதை.

முதல் தடவை டப்பாவைப் பார்த்து ஏமாந்தேன். லேபிளில் டிஹெச்சி (கஞ்சாவில் போதை ஏற்றுகிற பொருள்) என்று ஒரு எண், மொத்த டிஹெச்சி என்று இன்னொரு எண். முதல் எண் ஒன்று சொச்சம். 'சப்பைச் சரக்கு போல' என்று நினைத்து நன்றாக இழுத்துவிட்டு, சோபாவில் இரண்டு மணி நேரம் அசையாமல் கிடந்தேன். புகைக்கிற காய்ந்த கஞ்சா மொட்டில் இருப்பது பெரும்பாலும் அதன் அமில வடிவம். சூடு பட்டால்தான் அது டிஹெச்சியாக மாறும். ஆகவே பார்க்க வேண்டியது இரண்டாவது எண். அது 24 என்றிருந்தது.

இந்தச் சதவீதம் என்ன கணக்கு என்றால், 25 சதவீத மொட்டு ஒரு கிராமில் 250 மில்லிகிராம் டிஹெச்சி. கஞ்சா சேர்த்த, தின்கிற மிட்டாய்க்கு அந்த நாட்டு அரசு வைத்திருக்கும் வரம்பு ஒரு பாக்கெட்டுக்கே 10 மில்லிகிராம்தான். புகையில் பாதிக்கு மேல் வீணாகிறது என்று வைத்துக்கொண்டாலும் வித்தியாசம் புரியும். மிட்டாயில் வேறொரு சிக்கல்: ஏறுவதற்கு இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். அறைத்தோழன் ஒருவன் முக்கால் மணி நேரம் பார்த்துவிட்டு, 'ஒண்ணும் ஆகலியே' என்று இன்னொரு பாக்கெட்டைத் தின்றான். அன்று ராத்திரி முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நெஞ்சு நின்னுரும் போலிருக்கு" என்று புலம்பிக்கொண்டிருந்தான்.

ரகங்களுக்கு வருகிறேன். ஓஜி குஷ், வெடிங் கேக், கோஸ்ட் ட்ரெய்ன் ஹேஸ் எல்லாம் மாற்றி மாற்றி வாங்கியிருக்கிறேன். பெயரை மட்டும் நம்பக் கூடாது. ஊர் ஊருக்குப் பஸ் ஸ்டாண்டில் 'ஒரிஜினல் திருநெல்வேலி அல்வா' என்று போர்டு தொங்குகிறதே, அதே கதை. ஒரே பெயரில் இரண்டு பண்ணைச் சரக்கு வாங்கினால் மணமும் வேறு, ஏறுகிற விதமும் வேறு. போகப்போக மூக்கையும், டப்பாவில் போட்டிருக்கும் பேக்கிங் தேதியையும்தான் நம்பினேன். மிளகை நுணுக்கினால் வரும் அந்தக் கார நெடியும் எலுமிச்சைத் தோல் மணமும் சேர்ந்த 20 சதவீத மொட்டு, ஏழெட்டு மாதம் காய்ந்து தூளாகிப்போன 28 சதவீதத்தைவிட எவ்வளவோ மேல். மிளகு என்று சும்மா சொல்லவில்லை. கேரியோஃபிலின் என்ற அதே வாசனைப் பொருள் இரண்டிலும் இருக்கிறது.

ஆனாலும் கை 28-க்குத்தான் போனது. முதல் வருடம் அரை ஜாயின்ட், அதாவது தாளில் சுருட்டிய கஞ்சாவில் பாதி, ஒரு சாயங்காலத்துக்குப் போதும். மூன்றாவது வருடம் காலையில் ஒன்று, வேலை முடிந்து இரண்டு, படுக்கும்போது ஒன்று. தினமும் ஏற்றினால் டிஹெச்சி போய் ஒட்டுகிற ஏற்பிகளை மூளை குறைத்துக்கொள்கிறது. 'அனுபவசாலிகளுக்கான ரகம்' என்று கடையில் சொல்வார்கள். எனக்கு அந்த அனுபவம் என்பது, ஒன்றும் தெரியாமல் காசு மட்டும் கரைவதாக ஆகிவிட்டது.

நாலாவது குளிர்காலத்தில் விடியக்காலை வாந்தி ஆரம்பித்தது. பச்சைத் தண்ணீர்கூடத் தங்காது. வெந்நீர் ஷவருக்குக் கீழே உட்கார்ந்தால் மட்டும் அடங்கும். தோல் சிவந்து எரிய எரிய உட்கார்ந்திருப்பேன். போனில் அம்மா, "பித்தம்லே, சுக்கு தட்டிப் போட்டுக் குடி" என்றாள். குடித்தேன், அதுவும் வெளியே வந்தது. ஆஸ்பத்திரியில் முதல் தடவை வயிற்றுக் கிருமி என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் தடவை ஒரு டாக்டரம்மா கேட்ட ஒரே கேள்வி: "வெந்நீரில் குளித்தால் சரியாகிறதா?" நீண்ட நாள் கஞ்சா புழங்குகிறவர்களில் சிலருக்கு வரும் வாந்தி நோயாம். 2004-இல் ஆஸ்திரேலிய டாக்டர்கள்தான் முதலில் எழுதினார்களாம். அடியோடு விட்டால் மட்டுமே தீரும் என்றார்.

கஞ்சா குமட்டலுக்கென்றே கொடுக்கிற மருந்து என்றுதான் நான் அதுவரை எல்லாரிடமும் பெருமை பேசியிருந்தேன்.

விட்ட முதல் வாரம் மோசம். தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, யார் பேசினாலும் எரிச்சல். அப்புறம் கனவுகள் வர ஆரம்பித்தன. புகைத்த காலத்தில் கனவு கண்ட ஞாபகமே இல்லை. இப்போது தினமும் குறுக்குத்துறை படித்துறை, முழங்கால் அளவு தண்ணீர், காலைக் கடிக்கும் மீன். வாந்தி நிற்க மூன்று மாதம் ஆயிற்று.

ஊருக்கு வரும்போது டப்பாக்களில் ஒன்றை மட்டும் லேபிள் உரித்து, கழுவிக் காயவைத்து, சட்டைப் பொத்தான் போட்டுக் கொண்டுவந்தேன். குழந்தைகள் திறக்க முடியாதபடி அழுத்தித் திருக வேண்டிய மூடி. அம்மா அதில் இப்போது மிளகு போட்டு வைத்திருக்கிறாள். ரசம் வைக்கிற நாளெல்லாம் அடுப்படியிலிருந்து சத்தம் வரும்: "ஏல, இந்த மூடிய வந்து தொறந்து குடுத்துட்டுப் போ."