சிங்க் அடியில் வைக்கும் 8 லிட்டர் கிரீஸ் ட்ராப்: யாருக்குத் தேவை, எதைப் பார்த்து வாங்குவது

வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்பவர்களும், வாரத்தில் மூன்று நாள் எண்ணெய்ச் சட்டி ஏற்றும் பெரிய குடும்பங்களும், சிங்க் தண்ணீரில் வரும் எண்ணெயைச் சாக்கடைக்குப் போகாமல் பிடித்து வைக்கும் இந்த ஸ்டீல் பெட்டியைத் தாராளமாக வாங்கலாம். மூன்று பேர் உள்ள வீட்டுக்கு இது வேண்டியதில்லை. தட்டையும் வாணலியையும் பழைய செய்தித்தாளால் வழித்துத் துடைத்துவிட்டுக் கழுவினாலே போதும்.

உள்ளே மூன்று அறைகள். முதல் அறையிலுள்ள கூடையில் சோறு, கறிவேப்பிலை, தேங்காய் நார் எல்லாம் தங்கும். நடு அறையில் தண்ணீரின் வேகம் குறைவதால் எண்ணெய் மிதக்கும், கசடு படியும். இடையில் இருக்கும் தண்ணீர் மட்டும் தடுப்புத் தகட்டின் அடியில் நுழைந்து கடைசி அறை வழியாக வெளியேறும். மோட்டாரோ மருந்தோ கிடையாது, தண்ணீர் உள்ளே நிற்கும் நேரம்தான் வேலை செய்கிறது. குழாயில் நிமிடத்துக்கு 8 லிட்டர் வந்தால் அந்த நேரம் ஒரே நிமிடம். அதனால் நிரம்பிய சிங்க்கை ஒரேயடியாகத் திறந்துவிட்டால் மிதக்கும் ஏடு கலங்கி வெளியே ஓடும். கொதிநீர் ஊற்றினால் உறைந்த நெய் உருகிப் போய், குழாயில் நாலடி தள்ளி மறுபடி உறையும். பாத்திர சோப்பு அதிகமானாலும் எண்ணெய் நுண்துளிகளாகிப் பிரியாமல் கடந்துவிடும்.

கடையிலேயே மூடியைத் திறந்து, தண்ணீர் வெளியேறும் வாயைப் பாருங்கள். அதிலிருந்து ஒரு குழாய் உள்பக்கமாக வளைந்து நீர்மட்டத்துக்குக் கீழே இறங்க வேண்டும், அல்லது அதற்கு முன்னால் ஒரு தகடு மறைத்திருக்க வேண்டும். பக்கச் சுவரில் வெறும் ஓட்டை மட்டும் இருந்து, முன்னால் தகடும் இல்லையென்றால், மேலே மிதக்கும் எண்ணெய்தான் முதலில் அதன் வழியே வழியும். அப்படிப்பட்டதை வாங்கவே வேண்டாம்.

“பராமரிப்பே தேவையில்லை” என்று விற்பது பொய். பெட்டி எண்ணெயைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். எடுப்பது நம் கையில். வாரம் ஒருமுறை, காலையில் குழாயைத் திறக்கும் முன் மூடியைக் கழற்றுங்கள். ராத்திரி முழுக்க அசையாமல் கிடந்ததில் வெண்மஞ்சளாக ஏடு கட்டியிருக்கும். டால்டா, நெய், ஆட்டுக்கொழுப்பு புழங்கும் வீட்டில் அது தோசை போலப் பெயர்ந்து வரும். கடலை எண்ணெய் மட்டும் என்றால் கூழாக இருக்கும், கரண்டியால் மொண்டெடுக்க வேண்டும். அதைச் செய்தித்தாளில் கொட்டி, மரத்தூளோ சாம்பலோ தூவிச் சுருட்டிக் குப்பையில் போடுங்கள். ஏடும் அடிக்கசடும் சேர்ந்து நீர் ஆழத்தில் கால் பங்கைத் தொட்டுவிட்டால் பெட்டியை முழுக்கக் காலி செய்து கழுவ வேண்டும்.

மூடும் முன் நல்ல தண்ணீரால் நிரப்புங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். காலிப் பெட்டியில் தகட்டின் அடி திறந்து கிடப்பதால் முதலில் வரும் எண்ணெய் நேராகப் போய்விடும், சாக்கடை வாடையும் மேலே ஏறும். மூடி விளிம்பின் ரப்பரில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தால்கூடக் கசியும், நாறும்.

அடைப்பு நீக்கும் காஸ்டிக் சோடாவை இதில் போடாதீர்கள். அது கொழுப்பைக் கொஞ்சம் சோப்பாக்கி, மீதியை உருக்கித் தெருச் சாக்கடைக் குழாய்க்குத் தள்ளும். 2017இல் லண்டன் வொயிட்சாப்பலில் சாக்கடைக்குள் 250 மீட்டர் நீளத்துக்கு, 130 டன் எடையில் கொழுப்பு இறுகிக் கிடந்தது. நம் ஊரில் அப்படி அடைத்தால், 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தும், இன்னும் மனிதர்களைக் குழிக்குள் இறக்குகிறார்கள். விஷவாயுவில் உயிர் போகிறது. இந்தப் பெட்டிக்குச் செலவழிக்கச் சொல்வதற்கு எங்களுக்கு அந்த ஒரு காரணமே போதும்.

கிரைண்டர் கழுவிய மாவுத் தண்ணீரை மட்டும் இதில் விட வேண்டாம். மாவு அடியில் படிந்து மறுநாளே புளித்து நாறும். வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றுங்கள்.