சைடிங் மாற்ற முற்பணம் கொடுக்கப் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுக் கொடுங்கள்

8,500 டொலர். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டின் வெளிச்சுவரை மூடும் தகடுகளை, அதாவது சைடிங்கை, மாற்றித் தருகிறேன் என்ற ஒருவரிடம் மார்ச்சில் கொடுத்த காசு அது. இப்போது ஆகஸ்ட். பின்சுவரில் சைடிங் இல்லை. காற்றடித்தால் இரவு முழுக்கப் படபடக்கிற வெள்ளை ஹவுஸ்ராப் (சைடிங்குக்கு அடியில் ஈரம் தடுக்கச் சுற்றும் விரிப்பு) மட்டும்தான் இருக்கிறது.

பெயர் போடவில்லை. வழக்குப் போட இருப்பதால் இப்போதைக்குப் போடவும் முடியாது. வீட்டு வேலைக்கு ஆள் தேடித் தருகிற ஓர் இணையத்தளம். அதில் பச்சைச் சரி அடையாளமும் ஐந்து நட்சத்திரமும் வைத்திருக்கிற ஒரு தமிழ் கொன்ட்ராக்டர். இவ்வளவு போதும்.

எங்களுடையது ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எழுபதுகளில் கட்டிய வீடு. கீழே செங்கல், மேல்மாடியும் பின்பக்கமும் அலுமினியம் சைடிங். இப்படிப்பட்ட வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும், தெற்குப் பக்கம் நிறம் வெளிறி, தொட்டால் கையில் வெள்ளைத் தூள் ஒட்டும். 2022 மே 21 அன்று, அந்த விக்டோரியா தின வார இறுதியில் அடித்த புயலில் பின்பக்கத் தகடுகள் சில பிய்ந்தன. ஒட்டுப்போட்டுக் காலத்தை ஓட்டினோம். இந்த வருடம் முழுதாக மாற்றிவிடுவது என்று முடிவெடுத்தோம்.

அவசரப்பட்டு இறங்கவில்லை. குளிர்காலத்திலேயே விலை கேட்டு, வசந்தத்தில் நாள் பிடித்து, கோடையில் வேலையை முடிப்பதுதான் இங்கே முறை. புதிதாகப் போடும் சைடிங் வினைல், அதாவது ஒரு வகைப் பிளாஸ்டிக்; உறைகுளிரில் அது விறைத்து, வெட்டும்போது உடையும். கோடை பிறந்தபின் தேடினால் நல்ல ஆட்கள் எல்லாரும் நிரம்பிவிடுவார்கள். அதனால்தான் பெப்ரவரியிலேயே தேடத் தொடங்கினோம்.

மூன்று பேர் விலை கொடுத்தார்கள். இவர் ஆகக் குறைந்த விலைக்காரர் இல்லை, நடுவில் இருந்தார். 21,000 டொலர், அதற்கு மேல் 13 சதவீத எச்.எஸ்.டி. விற்பனை வரி, மொத்தம் 23,730. மலிவுக்கு ஆசைப்பட்டு மாட்டிக்கொண்டாய் என்று எழுத வருபவர்கள் தயவுசெய்து இந்த வரியைத் திரும்ப வாசியுங்கள்.

வந்த அன்று அவர் செய்ததைச் சொல்ல வேண்டும், நம்பிக்கை அங்கேதான் பிறந்தது. மற்ற இருவரும் அளவுநாடாவைப் பிடித்து அளந்துவிட்டுப் போனார்கள். இவர் ஏணி வைத்து ஏறி, குசினி யன்னலின் கீழ் மூலையில் இடுக்கை அடைக்கும் கோல்க்கிங் பசையைப் பெருவிரலால் அழுத்திக் காட்டினார். காய்ந்து வெடித்திருந்தது. "இதுக்குள்ளால தண்ணி போயிருக்கு அண்ணை. உள்ளுக்க பலகை ஊறியிருக்கலாம். கழட்டினாப் பிறகுதான் தெரியும், அதுக்கு ஒரு ஆயிரம் ரெண்டாயிரம் தனியா எடுத்து வையுங்கோ" என்றார். பிறகு தன் வான் வண்டியிலிருந்து ஒரு வினைல் துண்டை எடுத்துவந்து பலகையில் ஆணி அடித்து, அதை இடமும் வலமும் நகர்த்திக் காட்டினார். ஆணியை நீள்துளையின் நடுவில் அடிக்க வேண்டும், தலைக்கும் தகட்டுக்கும் இடையில் மயிரிழை இடைவெளி விட வேண்டும். "வெயிலுக்கு நீளும், குளிருக்குச் சுருங்கும். இறுக்கி அடிச்சா ஒரு கோடையிலேயே அலையடிக்கும். இஞ்ச கனபேர் இறுக்கித்தான் அடிக்கிறாங்கள்."

அவர் சொன்னது அத்தனையும் சரி. இன்றுவரை அதில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை. வேலை தெரிந்த ஆள்தான்.

அம்மா வழக்கம்போல "தம்பி எந்த ஊர்?" என்று கேட்டார். அம்மா கரவெட்டி, கொன்ட்ராக்டருடைய தாய் நெல்லியடி, யாழ்ப்பாணத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். அப்புறம் என்ன, தேநீர் வந்தது, வடை வந்தது. பள்ளிக்கூடம், சந்தை, யார் யாருக்கு என்ன முறை என்று அரைமணி நேரம் கதை ஓடியது. போகும்போது அம்மாவின் கையைப் பிடித்து, "அம்மா, இது என்ர வீடு மாதிரி. ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ" என்றார்.

பிறகு கால அட்டவணை. குசினி மேசையில் மகளின் பயிற்சிக் கொப்பியிலிருந்து ஒரு தாள் வாங்கி, மாதங்களைக் கோடு போட்டுப் பிரித்து அழகாக எழுதித் தந்தார். மார்ச் 20, நிறம் தெரிவு, தொழிற்சாலைக்கு ஓடர், 8,500. மே 26, பொருள் இறக்கம், இன்னொரு 8,500. ஜூன் 6, மிச்சம் 6,730. இடையில் "வேலை: மே கடைசி - ஜூன் முதல், ஏறக்குறைய". ஒப்பந்தத்திலும் அதுவே வந்தது.

இந்தத் தாளை இப்போது எடுத்துப் பார்க்கும்போதுதான் வயிறு எரிகிறது. காசு கட்டும் நாள்கள் எல்லாம் திகதியோடு இருக்கின்றன. வேலை நடக்கும் நாள்களுக்குத்தான் "ஏறக்குறைய". கழற்றி முடிந்தால் இவ்வளவு, ஹவுஸ்ராப்பும் யன்னல் ஃபிளாஷிங்கும் (தண்ணீரை வெளியே திருப்பும் தகடு) முடிந்து நீங்கள் பார்த்தபின் இவ்வளவு என்று ஒரு வரி இல்லை. நாள்காட்டி நகர்ந்தால் காசு நகரும். வேலை நகரத் தேவையில்லை.

8,500 எதற்கு என்று கேட்டோம். நாங்கள் தெரிவு செய்த நிறம் விசேட நிறமாம், தொழிற்சாலையில் தனியாக ஓட வேண்டுமாம், விலை ஏறப்போகிறதாம், இன்றே போட்டால் பழைய விலைக்குப் பூட்டிவிடலாமாம். தளத்தின் ஊடாகக் கட்டினால் அவர்கள் தரகு வெட்டுவார்கள், அதை உங்கள் தலையில்தான் போட வேண்டி வரும், நேரே அனுப்புங்கள் என்றார். வங்கி ஒரு நாளைக்கு 3,000க்கு மேல் ஈ-ட்ரான்ஸ்ஃபரில் (இணையவழிப் பணமாற்றம்) அனுப்ப விடாது என்பதால் பிரித்துப் பிரித்து அனுப்பினோம். ஒவ்வொரு முறையும் உடனே நன்றி, கும்பிடும் கைகள்.

ஒன்ராறியோவில் வீட்டில் வைத்துக் கையெழுத்திடும் இப்படியான ஒப்பந்தத்தை, எழுத்துப் பிரதி கையில் கிடைத்துப் பத்து நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்துச் செய்யலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2002. அந்தப் பத்து நாளும் மனிதர் தங்கம். காலை வணக்கம், நிற அட்டைப் படம், "அம்மா எப்பிடி?" பதினோராம் நாளிலிருந்து செய்திகள் குறைந்தன. தற்செயல் என்று யாராவது சொன்னால் சிரிப்பேன்.

மே கடைசியில் பொருள் வரவில்லை. "தொழிற்சாலையில பின்னுக்குப் போட்டிட்டாங்கள் அண்ணை." சரி. ஜூனில் மழை. உண்மையாகவே மழை பெய்தது, சரி. அடுத்து வான் பழுது. பிறகு வேலைக்காரப் பெடியன் ஒருவனுக்குக் கால் முறிவு. நடுவில் ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு பெடியன்களோடு வந்து இறங்கினார். அரை நாளில் பின்சுவரின் அலுமினியம் முழுவதையும் கழற்றி, ஹவுஸ்ராப்பைச் சுற்றி அடித்துவிட்டு, பழைய அலுமினியத்தை ஒழுங்காக அடுக்கி வானில் ஏற்றிக்கொண்டு போனார். பழைய அலுமினியத்துக்குப் பழைய இரும்புக் கடையில் நல்ல விலை. அதையும் கொண்டு போய்விட்டார். போகும்போது, "அண்ணை, அந்த ரெண்டாவது 8,500 இருந்தா நாளைக்கே பொருளை எடுத்திடுவன்."

தரவில்லை. பொருள் சுவருக்குப் பக்கத்தில் இறங்கட்டும், அந்த நிமிடமே தருகிறேன் என்றேன். அன்றோடு ஆள் வேறு.

தொலைபேசி எடுத்தால் "வாகனம் ஓடிக்கொண்டிருக்கிறன், திருப்பி எடுக்கிறன்." எடுக்க மாட்டார். வட்ஸ்அப்பில் நீலக் கோடு விழும், பதில் வராது. குரலஞ்சல் நிரம்பிவிட்டது என்று பெண்குரல் சொல்லும். மனைவியின் தொலைபேசியிலிருந்து எடுத்தால் முதல் மணியிலேயே எடுப்பார், குரலைக் கேட்டதும் வெட்டுவார். அம்மா ஒருமுறை தானே கதைக்கிறேன் என்று வாங்கினார். "அம்மா, நீங்கள் இதுக்குள்ள வராதேங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டார். வடையைச் சாப்பிட்ட வாய்!

தளத்துக்கு எழுதினேன். முதல் பதில்: உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம். இரண்டாவது: நாங்கள் இரு தரப்பையும் இணைப்பவர்கள் மட்டுமே, எங்கள் கட்டண முறைக்கு வெளியே நடந்த பணப்பரிமாற்றத்துக்கு எங்கள் உத்தரவாதம் பொருந்தாது. அப்படியானால் அந்தப் பச்சைச் சரி எதற்கு என்று கேட்டேன். அது அவர் தொலைபேசி எண்ணையும் ஒருமுறை ஏற்றிய காப்புறுதிப் பத்திரத்தையும் உறுதிசெய்ததைக் குறிக்குமாம். அந்தப் பத்திரம் இப்போது செல்லுபடியாகிறதா? "உங்கள் கோரிக்கை மூடப்பட்டது." நான் போட்ட ஒற்றை நட்சத்திர விமர்சனம் இன்னும் "பரிசீலனையில்" இருக்கிறது. அவருடைய ஐந்து நட்சத்திரங்கள் எந்தப் பரிசீலனையும் இல்லாமல் மின்னிக்கொண்டிருக்கின்றன.

பொலிஸில் முறைப்பாடு கொடுக்கப் போனால், ஒப்பந்தம் இருக்கிறது, கொஞ்ச வேலையும் நடந்திருக்கிறது, ஆகவே இது சிவில் விஷயம் என்கிறார்கள். "கொஞ்ச வேலை"! அந்த ஒரு சுவரைக் கழற்றியதே இதற்காகத்தான் என்று இப்போது படுகிறது. கழற்றாமல் விட்டிருந்தால் வேலையே தொடங்கவில்லை என்று நான் சொல்லியிருக்கலாம்.

வேறொருவரைக் கூட்டிவந்து காட்டினேன். வயதான போர்த்துக்கேயர், அதிகம் பேசாதவர். ஹவுஸ்ராப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். பொருத்துகளில் டேப் ஒட்டவில்லை. யன்னலுக்கு மேலே ஃபிளாஷிங் இல்லை. மழைநீர் ஹவுஸ்ராப்புக்குப் பின்னால் இறங்குகிறது. குசினி யன்னலின் கீழே பலகை விரலுக்கு அமிழ்கிறது. மார்ச்சில் "ஊறியிருக்கலாம்" என்று சொன்ன இடத்தை இப்போது அந்தக் கொன்ட்ராக்டரே ஊற வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஹவுஸ்ராப்பும் வெயிலில் விட்டுவைக்கும் பொருள் இல்லை, சில மாதத்தில் கெடத் தொடங்கும். கடைசியாக நிற அட்டையைக் காட்டினேன். அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். விசேட நிறமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லையாம். மொத்தக் கடையில் எப்போதும் அடுக்கி வைத்திருக்கும் சாதாரண நிறமாம். காலையில் போனால் மத்தியானம் எடுத்து வரலாமாம்.

அப்படியென்றால் தொழிற்சாலை ஓடர், விலைப்பூட்டு, பின்னுக்குப் போட்டது, எல்லாமே கதை. 8,500 டொலருக்கு ஒரு தகடுகூட வாங்கப்படவில்லை.

அந்தப் போர்த்துக்கேயரிடமிருந்துதான் உண்மையான கால அட்டவணை எப்படியிருக்கும் என்று தெரிந்தது. யன்னல் மாற்றுவதென்றால் அது முதலில், சைடிங் பிறகு. மாற்றிச் செய்தால் புதிதாகப் போட்ட ஓரங்களைத் திரும்பக் கழற்ற வேண்டும். ஹைட்ரோ மீட்டர் இருக்கும் சுவருக்கு மின்காரரோடு முன்கூட்டியே நாள் ஒத்துக்கொள்ள வேண்டும். ஈவ்ஸ்ட்ரோஃப், அதாவது கூரையோர மழைநீர்ப் பீலி, கடைசி. எங்கள் அளவு வீட்டுக்கு வேலை மட்டும் ஒரு கிழமை, பலகை பழுதென்றால் இரண்டு. ஒரு சுவரைக் கழற்றினால் அதை மூடிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும், முழு வீட்டையும் ஒரேயடியாக நிர்வாணமாக்கக் கூடாது. எனக்கு அவர் தரக்கூடிய ஆகக் கிட்டிய நாள் ஒக்டோபர் நடுப்பகுதி. அதற்குள் பனி கொட்டாவிட்டால் அதிர்ஷ்டம்.

ஆலோசனை எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், எழுத எழுதக் கோபம்தான் வருகிறது. சுருக்கமாக: முற்பணம் பத்து சதவீதத்துக்கு மேல் வேண்டாம், யார் ஊர்க்காரராக இருந்தாலும். தவணையை நாளோடு கட்டாதீர்கள், முடிந்த வேலையோடு கட்டுங்கள். வேலை தொடங்கும் நாளைத் திகதியாக ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள். அந்தத் திகதி கடந்து முப்பது நாளுக்குள் தொடங்காவிட்டால் ரத்துச் செய்து காசைத் திருப்பிக் கேட்க அதே சட்டத்தில் இடம் இருக்கிறது, "ஏறக்குறைய" என்று விட்டால் இழுபறிதான். விசேட ஓடர் என்றால் மொத்தக் கடைக்கு நீங்களே எடுத்துக் கேளுங்கள், ஐந்து நிமிட வேலை. ரொறன்ரோ என்றால் நகரசபை உரிமம் இருக்கிறதா என்றும், டபிள்யூ.எஸ்.ஐ.பி. (வேலையிடக் காயக் காப்புறுதிச் சபை) கிளியரன்ஸ் சான்று இன்றைய திகதியில் செல்லுபடியாகிறதா என்றும் நீங்களே பாருங்கள். கடைசிப் பத்து சதவீதத்தைப் பிடித்து வையுங்கள். கொன்ட்ராக்டர் பொருள் கடைக்கோ பெடியன்களுக்கோ காசு கொடுக்காவிட்டால் அவர்கள் உங்கள் வீட்டின் மேல் லீன், அதாவது கடன் உரிமை, பதியலாம். தளத்துக்கு வெளியே காசு கேட்டால் வாசலைக் காட்டுங்கள்.

ஸ்மோல் கிளெய்ம்ஸ் கோட்டுக்கான (சிறு தொகை வழக்குகளுக்கான நீதிமன்றம்) பத்திரங்களை நிரப்பிக்கொண்டிருக்கிறேன். 8,500 டொலர், அதோடு கொண்டுபோன அலுமினியம், ஊறிய பலகை. ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் பக்கம் யாரிடமாவது இதே மாதிரிக் கையால் எழுதிய கால அட்டவணையும் "விசேட நிறம்" கதையும் வந்திருந்தால், அந்தத் தாளைத் தூக்கி எறியாமல் படம் பிடித்து எனக்குத் தனியாக அனுப்புங்கள். இரண்டாவது தவணை கொடுக்க இருப்பவர்கள் இன்றைக்கே நிறுத்துங்கள்.