பிள்ளையின் பொறுப்பு: நடுவரிடமா, குடும்ப நல நீதிமன்றத்திலா?

அடிக்கும் கணவனை விட்டுப் பிள்ளையோடு வெளியேறும் பெண், பிள்ளையின் பொறுப்பை இரண்டு இடங்களில் கேட்கலாம். குடும்ப நல நீதிமன்றத்தில் 1890-ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டப்படி மனுப் போடலாம். வக்கீல்கள் இதை ஜி.டபிள்யூ.ஓ.பி. என்பார்கள். இல்லையென்றால், 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டப்படி குற்றவியல் நடுவரிடம், அதாவது மாஜிஸ்திரேட்டிடம், போகலாம். நான் நடுவரிடம்தான் போனேன். யார் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்கிறேன்.

வேகத்துக்காக அல்ல. 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், வாய்தா இரண்டு இடத்திலும் வாய்தாதான்.

தகப்பன் பிள்ளையைப் பார்க்கும் ஏற்பாடுதான் என்னை முடிவெடுக்க வைத்தது. பொறுப்பு தாய்க்கே கிடைத்தாலும், குடும்ப நல நீதிமன்றத்தில் வார இறுதிச் சந்திப்பு பெரும்பாலும் வழக்கமாகவே வந்துவிடும். அடிபட்டவள் வாரந்தோறும் அடித்தவன் முன் நின்று பிள்ளையைக் கொடுத்து வாங்க வேண்டும். புதிய வீடு எங்கே, யார் வந்துபோகிறார்கள் என்பதெல்லாம் பிள்ளையின் வாய்வழியே அவனுக்குப் போய்ச் சேரும். 2005 சட்டத்தின் 21-ஆம் பிரிவோ, சந்திப்பு பிள்ளைக்குக் கேடாகலாம் என்று நடுவர் கருதினால் அதை மறுத்தே ஆக வேண்டும் என்கிறது. அப்படிக் கருதவைக்கக் காகிதம் வேண்டும்: அரசு மருத்துவமனைக் குறிப்பு, காவல் நிலைய ரசீது, மாவட்டச் சமூகநல அலுவலகத்தின் பாதுகாப்பு அலுவலர் தரும் அறிக்கை. என் வழக்கில் சந்திப்பை முழுதாக மறுக்கவில்லை. பாதுகாப்பு அலுவலர் முன்னிலையில் மட்டும் என்று உத்தரவானது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அதே மனுவில் பாதுகாப்பு உத்தரவும் கேட்கலாம். அதை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குடும்ப நல நீதிமன்றத்தின் பொறுப்பு உத்தரவை மீறினால் நிறைவேற்று மனுவோடு திரும்ப அலைய வேண்டும்.

ஆனால் நடுவர் தருவது தற்காலிகப் பொறுப்புதான். நிரந்தரத் தீர்ப்புக்குக் குடும்ப நல நீதிமன்றப் படி ஏறாமல் முடியாது. கணவன் முந்திக்கொண்டு அங்கே மனுப் போடவும் கூடும். என் பிள்ளைக்கு அப்போது ஐந்து வயது ஆகவில்லை. அந்த வயதுவரை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்று இந்துக்களுக்கான 1956 சட்டம் சொல்வதால் எனக்குச் சுமை குறைந்தது. நீதிபதி கூப்பிட்டு விருப்பம் கேட்கக்கூடிய வளர்ந்த பிள்ளைகள் விஷயத்தில் என் அனுபவம் உதவாது.

விவாகரத்து வழக்கு ஏற்கெனவே நடக்கிறவர்கள் நடுவரிடம் தனியாகப் போக வேண்டியதில்லை. 2005 சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி அந்த நீதிமன்றத்திலேயே இந்தப் பாதுகாப்புகளைக் கேட்கலாம். மனுவில் 21-ஆம் பிரிவையும் சேர்க்கும்படி வக்கீலிடம் சொல்லுங்கள். பல மனுக்களில் ஜீவனாம்சத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.